ஒற்றைப்பல் முதலை

“முதலைக்கு மூச்சு வாங்குது. நான் திரும்பிப் பார்த்து, ‘பாவம், களையாறிப்போட்டு வா’ எண்டு சொல்லிப்போட்டு இன்னும் ரெண்டு துடுப்புப் போட்டன். அவ்வளவுதான், என்ர நிழலே அரை மைல் பின்னுக்கு வருது!”

ஓய்வுபெற்ற தபாலதிபர் நல்லரத்தினம் இதைச் சொல்வது மூன்றாவது நாளாக. முதல் நாள் முதலைக்கு ஆறடி நீளம். இன்று பதினெட்டு.

தேற்றாத்தீவு மீனவர் சங்கக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கதை பரவியதிலிருந்து, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியில் ஒருவரும் இறங்கவில்லை. இறால் பிடிக்கிறவர்கள் கரையில் குந்தியிருக்க, இறால்கள் நிம்மதியாகக் கொழுத்துக்கொண்டிருந்தன. முதலை உண்டென்று சங்கம் எழுதிக் கொடுத்தால், ஒரு மாதத்துக்கு வாவியை மூடிவிடுவதாக மேலிடத்திலிருந்து ஆள் வந்து சொல்லிப் போயிருந்தார். பதில் இன்று பின்னேரத்துக்குள் வேண்டுமாம்.

“அண்ண, உள்ளதைச் சொல்லுங்க” என்றாள் சங்கத் தலைவி சின்னத்தங்கம். “உங்கட வாயிலதான் எங்கட அடுப்பு இருக்கு.”

“உள்ளதைத்தான் சொல்லுறன் தங்கம்.”

“பச்சைப் பொய்!” என்று எழுந்தார் சீனித்தம்பி. சங்கக் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர், நல்லரத்தினத்தின் மச்சான். “அந்தப் பிளாஸ்டிக் கட்டை ஆமையையும் முந்தாது. முதலையை முந்திச்சாம்!”

பிளாஸ்டிக் கட்டை என்றது கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புத் தோணியை. சுனாமிக்குப் பிறகு வெள்ளைக்காரர் சிலர் கொண்டுவந்து கொடுத்தது. பதினாறு அடி நீளம், ஒன்றரை முழ அகலம். உள்ளே இறங்கி இருக்க முடியாது; மாட்டின் முதுகில் ஏறுவதுபோல மேலேதான் ஏறியிருக்க வேண்டும். இருக்கிற இடத்திலேயே நாலு ஓட்டை. ஓட்டைத் தோணியைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சங்கம் அன்றே கோபித்துக்கொண்டது. பிறகு யுத்தம் முடியும்வரை அதை வாவியில் இறக்க அனுமதியும் கிடைக்கவில்லை. நாலு வருடம் களஞ்சியக் கூரையில் வௌவாலோடு தொங்கியது. இப்போது முதன்முதலில் அதன்மேல் ஏறத் துணிந்தவர் நல்லரத்தினம்தான்.

“நிண்டா ஆடும் மச்சான், ஒத்துக்கொள்ளுறன். ஏறுறத்துக்குள்ளயே மூண்டு தரம் விழுந்தன். ஆனா ஓட வெளிக்கிட்டா ஆடாது. மூக்கு எங்க பார்க்குதோ அங்கதான் போகும், கம்பியில ஓடுற மாதிரி. அந்த நாலு ஓட்டையால வாற தண்ணி அந்த ஓட்டையாலயே போயிரும். லேசில திரும்பாது, அது ஒண்டுதான் குறை.”

“திரும்பாதெண்டா எப்பிடி மச்சான் முதலையைத் திரும்பிப் பார்த்தாய்?”

“தோணிதான் திரும்பாது. கழுத்து என்ர!”

இப்போது ரெண்டு பேர் சிரித்தார்கள். சின்னத்தங்கம் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

“விடியக்காலம், ஒரே பனி. அக்கரையில இருக்கிற படுவான்கரைக்கு நேர விட்டன். பின்னால ‘ம்ம்ம்... ம்ம்ம்...’ எண்டு ஒரு சத்தம். பார்த்தா ஒரு கறுத்த தலை, கண் ரெண்டும் பிதுங்கிக்கொண்டு வருது.”

“முதலை எங்கயாவது முனகுமா?”

“பசியில நீயும்தான் முனகுவாய். நம்பாட்டி இதைப் பாருங்க.”

வாசலில் கிடந்த கயாக்கின் பின்முனையைக் காட்டினார். ஒரு ரூபாய்க் குற்றி அளவில், அச்சில் வார்த்ததுபோல வட்டமான ஓட்டை.

“வெளிக்கிடக்குள்ளயே வாலைக் கவ்விப்போட்டுது. அக்கரையில ஏறக்குள்ள தோணிர வயித்துல அரைவாசி தண்ணி. அப்பிடியிருந்தும் ஓடிச்சுப் பாருங்க!”

கூட்டம் குனிந்து பார்த்தது.

“ஒரு பல்லுத்தானே பட்டிருக்கு?” என்றாள் சின்னத்தங்கம்.

“கிழட்டு முதலை. மற்றதெல்லாம் கொட்டியிருக்கும்.”

சீனித்தம்பி மட்டும் குனியவில்லை. சின்னத்தங்கம் பெருமூச்சுவிட்டுப் பேனையை எடுத்தாள்.

“அப்ப முதலை உண்டெண்டு எழுதுறன். ஒரு மாசத்துக்கு ஆத்துப் பக்கம் ஒருத்தரும் போக ஏலாது. பிள்ளைகளுக்கு என்னத்தைக் குடுக்கிறதோ, தெரியா.”

“எழுதாத தங்கம்!”

“ஏன் சீனியண்ண? முதலை இல்லையெண்டு நீங்க கையெழுத்து வைப்பீங்களா?”

“வைப்பன்.”

“இல்லையெண்டு எப்பிடித் தெரியும்?”

சீனித்தம்பி மச்சானைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“அது கடிச்ச ஓட்டை இல்ல. உள்ளுக்குத் தண்ணி போனா வடிக்கிறதுக்கு வெள்ளைக்காரன் வச்ச ஓட்டை. அதுக்கு ஒரு மூடி இருந்திச்சு. அக்கரைக்குப் போவனெண்டு புழுகின இவன்ட வாயை அடக்குவமெண்டு முந்தின நாள் பின்னேரம் நான்தான் கழட்டி வச்சன். விடிய, தனிய இவன் நடு ஆத்துக்குப் போறதைக் கண்டோடன மனம் கேக்கல்ல. மூடியைப் பல்லுல கடிச்சிக்கொண்டு பின்னால நீந்தினன். வாயைத் திறந்தா மூடி விழுந்திரும், அதான் கூப்பிட ஏலாம முனகினன். நான் கிட்டப் போகப் போக இந்த அறுவான் விட்டானே ஒரு ஓட்டம்... சத்தியமாச் சொல்லுறன் தங்கம், பாதி முங்கின அந்தத் தோணியை என்னால பிடிக்கவே ஏலாமப் போச்சு!”