மாமியார் நினைவு நாள்

கண்ணால் பார்த்தேயிராத மாமியாரின் நினைவு நாளுக்கு, சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வேப்பங்கன்றுகள் நட்டு, தெருவுக்கே சாப்பாடு போட ஏற்பாடு செய்திருந்தாள் காந்தா. கணவன் தாமோதரன் முதல் கன்றை நட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

கோவளத்து மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு வந்து, என்ன விசேஷமென்று கேட்டறிந்ததும் அந்தக் கன்றைப் பிடுங்கி எறிந்தாள்.

காந்தாவுக்கு ரத்தம் கொதித்தது. "உனக்கு அறிவிருக்கா? செத்துப்போன என் மாமியார் நினைவா நட்டது அது!"

"யாரு செத்தது? ஆபீசு வேலை கெடச்சதும் மீன் நாத்தம் ஆவலன்னு பெத்தவ என்னை உட்டுட்டு ஓடியாந்தான் உன் புருசன். நான் உசுரோடதான் கீறேன்!"

காந்தா திரும்பினாள். தாமோதரன் தலை நிமிரவேயில்லை. அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்து ஏரிக்குள் வீசினாள்.

"வாங்க அத்தை, முதல் இலை உங்களுக்குத்தான். இவருக்கு இன்னிக்கு இலை கிடையாது."