மோதிரம் இடித்த இடம்

கணவன் செல்வின் இறந்த நாற்பதாம் நாள், அவன் கடைசியாக வாசித்த பாட்டைக் கேட்க ரோஸ்லின் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். கழுத்து நுனியில் தலைப்பகுதி இல்லாத வகையான அவனுடைய பாஸ் கிட்டார் அவள் மடியில் கிடந்தது. பாட்டு முடிந்ததும் கேட்டாள்.

“நடுநடுவுல டொக்குனு ஒரு சத்தம் வருமே?”

“அண்ணனோட மோதிரம் கட்டையில இடிச்ச சத்தம்க்கா. கிட்டாருக்குள்ள மைக்கு மாதிரி இருக்கறது பியசோ பிக்கப்பு, மரத்துல எது பட்டாலும் பிடிச்சிரும். ரெண்டு நாள் உக்காந்து அந்தச் சத்தத்த ஒண்ணுவிடாம அழிச்சுட்டேன்,” என்றான் ஒலிப்பதிவாளன் இன்பராஜ்.

“அழிக்காத பழைய பதிவு இருக்கா?”

“அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்க்கா.”

“திரும்பப் போடுப்பா.”

பாட்டு ஓடியது. தன் கட்டைவிரலில் தொளதொளத்த செல்வினின் மோதிரத்தால், கிட்டாரில் வண்ணம் உரிந்திருந்த இடத்தில் தட்டினாள். ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் பிந்தியே விழுந்தது.