பதினாறாம் நாள் இலை

அருணகிரி இறந்த பதினாறாம் நாள். வீட்டில் வேறு இடமில்லாததால், சாப்பாட்டு மேசை மேலேயே அவர் படத்தை வைத்து, முன்னால் தலைவாழை இலை போட்டாள் மனைவி செண்பகவல்லி. அவருக்கு இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பிய, கேமரா வைத்த பேசும் மேசை அது. நான்கு வருடமாக அவர் உண்ட ஒவ்வொரு வாய்க்கும் புத்தி சொன்னது.

அவள் சோற்றைக் குவித்ததும், மேசை படத்திலிருந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டது.

“வணக்கம் அருணகிரி சார். சாதம் அதிகம். முதல்ல பருப்பு சாப்பிடுங்க. கூடவே தண்ணி வேண்டாம்.”

செண்பகவல்லியின் கை தானாகவே முக்கால்வாசிச் சோற்றைப் பாத்திரத்துக்கு அள்ளியது. தண்ணீர்ச் செம்பை அப்பால் நகர்த்தியது.

“அம்மா! அப்பாவுக்கு இனிமே என்னம்மா அளவு?” மகள் கயற்கண்ணி மேசையின் ஒயரைப் பிடுங்கினாள்.

செண்பகவல்லி களைத்துப்போய் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, அள்ளிய சோற்றைத் திரும்ப இலையில் போட்டாள். அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவலை மிச்சம் வைக்காமல் கொட்டினாள்.

மகள் செம்பை எடுத்து இலையருகே வைக்கப் போனபோது மட்டும் செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது அரை மணி கழிச்சு வைக்கலாம்டி. உடனே குடிச்சா அவருக்கு நெஞ்சை அடைக்கும்.”