பெட்டிக்கு வைத்த பொட்டு

செல்வராணி பெட்டியில் வைத்த பொட்டை டெஸ்ட் ரூம் ஜெபக்குமார் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார்.

"ஏன் சார் தொடச்சீங்க?"

மனுஷன் ஸ்பிரிட் துணியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, மூடியை மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு டெஸ்ட் ரூமுக்குப் போய்விட்டார்.

செல்வராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டர் அந்தப் பெட்டி. அரசாங்க விமானத்தில் ஏறப்போகிறது. புயல், வெள்ளம் என்றால் மேலே பறப்பவர்கள் கீழே பேசுவது அதன் வழியாகத்தான். எப்படிக் குலுங்கினாலும் பேச்சு அறுந்துவிடக் கூடாது. இன்றைக்குச் சோதித்துப் பார்க்க வந்திருக்கும் அரசாங்க ஆபீசர் முன்னால் அது பாஸானால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

பூவும் குங்குமப் பொடியும் உள்ளே வரக்கூடாது என்று மேனேஜர் தேனப்பன் எழுதி ஒட்டியிருக்கிறார்தான். போன மாதம் தலையில் பூவோடு வந்தவளை வேலையை விட்டே அனுப்பினார்தான். அதற்காக, வெள்ளிக்கிழமையும் அதுவுமாகத் திருவரங்குளம் கோயில் குங்குமத்தை ஒயர் சொருகும் சாக்கெட்டுக்கு மேலே ஒரு துளி வைத்தது குற்றமா?

"அவருக்கு நம்ம சாமி ஆகாதுடி," என்றாள் பக்கத்து மேசை அழகி. "கழுத்துல சிலுவையப் பாத்தீல்ல?"

"பாத்தேன், பாத்தேன். நல்லாருப்பாரா அவரு?"

டெஸ்ட் ரூமில் எல்லோரும் கூடினார்கள். அதிரும் மேசையில் பெட்டியைப் பூட்டி சுவிட்சைத் தட்டினார்கள். மேசை கிடுகிடுவென்று ஆடியது. ஸ்பீக்கரில் குரல் தெளிவாக வந்தது.

திடீரென்று குரல் அறுந்தது.



"யார் அசெம்பிள் பண்ணது?" ஆபீசர் திரும்பினார்.

தேனப்பனின் கை அவள் பக்கம் நீள்வதற்குள் ஜெபக்குமார் குறுக்கே வந்தார்.

"அவங்க வேலையில கொற இல்ல சார். தப்பு என்னோடது. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன், சாக்கெட்டுக்குள்ள எறங்கிருச்சு. கொஞ்சம் டைம் குடுங்க, நானே கழட்டிச் சுத்தம் பண்ணிர்றேன்."

"இத்தன வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா? வெக்கமா இல்ல?" தேனப்பன் கிழி கிழியென்று கிழித்தார். "இனிமே டெஸ்ட் ரூம் பக்கமே வராதீங்க. ஸ்டோருக்குப் போயிருங்க."

ஜெபக்குமார் கழற்றினார், சுத்தம் செய்தார், மறுபடி பூட்டினார். இந்த முறை மேசை ஆடி ஓயும்வரை குரல் அறுபடவில்லை. ஆபீசர் பாஸ் போட்டார்.

"பாத்தியா? சாமி ஒடனே கேட்டுருச்சு!" என்று அழகியிடம் சொல்லிச் சிரித்தாள் செல்வராணி. அதோடு விட்டாளா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால்தான் ஆறும் என்று ஸ்டோருக்கே போனாள்.

"சாமி பொட்டத் தொடச்சீங்களே, இப்ப என்ன ஆச்சு பாத்தீங்களா சார்?"

ஜெபக்குமார் கதவைச் சாத்திவிட்டு, பையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து நீட்டினார். பஞ்சு முழுக்கச் சிவப்பு.

"சாக்கெட்டுக்குள்ள இருந்துச்சும்மா. காலையில கண்ணாடித் தடுப்புக்கு அங்கிட்டு மேனேஜர் நின்னாரு, அதான் பேச்சுக் குடுக்காமத் தொடச்சேன். தொடச்சப்ப கொஞ்சம் உள்ள போனத நான் கவனிக்கல."

செல்வராணி அந்தக் குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அடுத்த வாட்டி பேக்கிங் அட்டைப்பெட்டி மேல வைங்க. நல்லாப் பெருசாவே வைங்க. மேல போறவங்க பத்திரமா எறங்கணும்ல? நானும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஜெபம் பண்ணித்தான் அனுப்பிட்டு இருந்தேன். இனிமே எனக்கும் சேத்து நீங்களே வேண்டிக்கங்க."