மஞ்ச மூடி

"மாஸ்டர்னு போர்டு மாட்டிக்கிட்டுப் பண்ற வேலையா இது?"

டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்று அவன் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். சுவரில் மாட்டியிருந்த சிக்னல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் சட்டென்று திரும்பினார்கள்.

மாஸ்டர் எழுந்து வந்தார். பதினொரு நாளைக்கு முன்னால்தான் தன் சொந்தக் காரை இவனுக்கு விற்றிருந்தார்.

"உள்ளே வந்து உட்காருங்க தம்பி. வண்டிக்கு என்ன ஆச்சு?"

"உட்காரவா வந்தேன்? உங்க வண்டி நடுரோட்டுல செத்துப்போச்சு. இன்ஜின் இறுகி சீஸ் ஆயிடுச்சு. சாவியைத் திருப்பினா கட்டை கணக்கா கிடக்குது. மூணு பேர் சேர்ந்து தள்ளி ஓரங்கட்டினோம். எட்டு மாச வயித்தோட என் பொண்டாட்டி அந்த வெயில்ல நடைபாதையில உட்கார்ந்திருந்தா. அவளை பஸ்ல ஏத்தக் கூடாதுன்னுதான் இதை வாங்கினதே."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே பால் தூக்கலான டீ மாதிரி ஏதோ இருந்தது.

"குடிக்கிறதுக்கு இல்ல. நீங்க வித்த வண்டியோட இன்ஜின் ஆயில். மெக்கானிக் வடிச்சுக் கொடுத்தார். பாதிக்குப் பாதி தண்ணியாம். 'உள்ள பழைய விரிசல் இருக்கும், வித்தவருக்குத் தெரியாம இருக்காது'ன்னார்."

மாஸ்டர் பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"வாய்ப்பே இல்லையே தம்பி. உங்ககிட்ட சாவியைக் கொடுக்கிறதுக்கு முந்தின நாள்கூட நானே என் கையால..."

"அப்போ நாங்கதான் கெடுத்துட்டோம்னு சொல்ல வர்றீங்களா? கேளுங்க எங்க அப்பாவை. தினமும் காலையில துடைச்சு, தண்ணி பார்த்து, என்னைக்கூட அவர் அப்படி வளர்க்கலை."

அவனுக்குப் பின்னால் கதவைப் பிடித்தபடி ஒரு பெரியவர் நின்றிருந்தார். வீட்டில் தனியாக விட முடியாது என்று கூடவே கூட்டி வந்திருந்தான்.

"ஆமாங்க." பெரியவரின் முகம் மலர்ந்தது. "ஒரு நாள் தவறினதில்லை. அந்த மஞ்ச மூடியைப் பளபளன்னு துடைச்சுட்டுத்தான் ஒரு டம்ளர் ஊத்துவேன். மருமக அலுங்காம குலுங்காமப் போய் வரணுமில்ல."

மாஸ்டர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன் கொஞ்சம் படபடன்னு பேசுவான், நீங்க மனசுல..." என்று பெரியவர் தொடங்கினார்.

"அப்பா, நீங்க எனக்காக யார்கிட்டயும் சமாதானம் பேச வேணாம். உங்க பங்குக்கு நீங்க படுத்தினது போதும். கேஸைத் திறந்துவிட்டுட்டு அடுப்பைப் பத்த வைக்காம வாக்கிங் போனவர்தானே? பக்கத்து ரூம்ல வயித்துப் பிள்ளையோட அவ தூங்கிட்டிருந்தா. அன்னைக்கே சொன்னேன், இன்னும் ஒரே ஒரு தப்பு, அப்புறம் முதியோர் இல்லம்தான்னு. ஃபாரம் பீரோவுல ரெடியா இருக்கு."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டையில் பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன.

மாஸ்டர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"மெக்கானிக் இன்ஜினைப் பிரிச்சுட்டாரா?"

"இன்னும் இல்லை. நாளைக்குப் பிரிச்சுப் பார்த்துச் சொல்றேன்னார்."

"பிரிக்க வேண்டாம். வண்டியை அப்படியே இங்கே இழுத்துட்டு வந்து விட்டுடுங்க. பணத்தைத் திருப்பிக் கொடுத்திடறேன்."

"ஏன், பிரிச்சா குட்டு வெளிப்பட்டுடுமா?"

மாஸ்டர் உள்ளே இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"ஆமா தம்பி. விரிசல் இருந்தது எனக்குத் தெரியும். மறைச்சுத்தான் வித்தேன்."

அடுத்த மேசையில் இருந்த மாஸ்டரின் மனைவி விருட்டென்று எழுந்தாள்.

"என்னங்க உளர்றீங்க? அந்த வண்டியை நீங்க எப்படி..."

"நீ போய் வண்டி வித்த பணக் கவரை எடுத்துட்டு வா."

அவள் அசையவில்லை. அவர் மறுபடி சொன்ன பிறகுதான் போனாள்.

மகளைச் சேர்க்க வந்திருந்த ஒருவர், பாதி நிரப்பிய விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வாம்மா, வேற இடம் பார்ப்போம். நாணயமா ஒரு வண்டி விக்கத் தெரியாதவர் உனக்கு என்னத்தைக் கத்துக் கொடுக்கப் போறார்?"

அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

கவர் வந்தது. ஒழுகுகிற வகுப்பறைக் கூரையை மாற்ற வைத்திருந்த பணம், இன்னும் பிரிக்கப்படவே இல்லை. புருஷன் முகத்தைப் பார்க்காமல் அதை மேசையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவன் கவரைப் பையில் திணித்தான்.

"உங்களை நம்பி ஊர்ப் பிள்ளைங்களை ரோட்டுக்கு அனுப்புறாங்க பாருங்க, அவங்களைச் சொல்லணும். நான் போய் வாடகை வண்டி பிடிக்கிறேன். அப்பா, படியில பார்த்து வாங்க."

அவன் தெருவில் இறங்கி நடந்தான்.

பெரியவர் மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களைப் போய் நல்ல மனுஷன்னு நினைச்சேனேங்க."

மாஸ்டர் பெரியவரின் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார். கடைசிப் படியில் குனிந்து, தெருவில் போகிற மகனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"ஐயா, இதை உங்களோடயே வெச்சுக்குங்க. அடுத்த வண்டியில மஞ்ச மூடியைத் திறந்து தண்ணி ஊத்திடாதீங்க. அது ஆயில் ஊத்துற இடம்."