பாதி பாட்டில் தண்ணீர்

“இன்னும் எவ்வளவு தூரம்ணா?” என்று தங்கை மறுபடியும் கேட்டாள். இருக்கையில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“இப்பதானேம்மா கிளம்பினோம். டவுனையே தாண்டலை. அதுக்குள்ள ஏன் இப்படிப் பறக்கிற?” ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அண்ணனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. புருஷன் வீட்டுக்குப் போக இவ்வளவு அவசரப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டான்.

பிக்கப்பின் பின்பக்கம் அவளுடைய பீரோ, தையல் மெஷின், மெத்தை எல்லாம் கயிற்றுக்குள் அடங்கிக் கிடந்தன. போன மழைக்காலத்தில், கையில் மாவுக்கட்டோடு நின்றவளை, இதே சாமான்களோடு இதே வண்டியில்தான் அழைத்து வந்தான். மணிக்கட்டு இன்னும் நேராகக் கூடவில்லை. அதற்குள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“உனக்குச் சம்மதமாம்மா?” என்று அப்பா எல்லோர் முன்னாலும் கேட்டபோது, அவள் தலையை ஆட்டினாள். போக ஆசைப்படுகிறவளைத் தடுக்க நான் யார் என்று அண்ணனும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டான்.

அப்படியே இருந்து தொலைத்திருக்கலாம். இன்று காலை எல்லோரும் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த நேரம், பூட்டு உடைந்த டேங்க் மூடியைத் திருகினான். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை டீசலில் சாய்த்தான். பாதிக்கு மேல் ஊற்றக் கை வரவில்லை. சோறு போடுகிற வண்டியாயிற்றே!

மேம்பாலம் ஏறும்போது வண்டி ஓர் உதறு உதறியது. வெள்ளைப் புகையைக் கக்கியது. இரண்டு தரம் விக்கிவிட்டு ஓரமாக உயிரை விட்டது.

“என்னண்ணா ஆச்சு?”

“தெ... தெரியலையேம்மா.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தங்கச்சி வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே பாவி என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

போன் போட்டதும் தெரிந்த மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வண்டிக்கு அடியில் புகுந்து, டேங்க்கின் அடித்திருகைக் கழற்றி, கொட்டுவதை ஒரு வெள்ளைக் கேனில் பிடித்தார். வெளியே வந்து அதை வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே மஞ்சளாகக் கொஞ்சம் டீசல் மிதந்தது. கீழே முழுக்கத் தண்ணீர்.

“இது டேங்க்கா, கிணறாய்யா?”

“கொஞ்சூண்டு தண்ணிக்கே இப்படி நின்னுடுமாண்ணே?” என்றான் அண்ணன்.

“எது கொஞ்சூண்டு? அரை பாட்டில் தண்ணின்னா ஃபில்டரே பிடிச்சு வச்சுக்கும். முன்னால ஒரு லைட் எரியும், வண்டி பாட்டுக்கு ஓடும். இது நாலு லிட்டருக்குக் குறையாது! பம்ப் பிழைச்சா உன் அதிர்ஷ்டம்.”

ஒன்றைப் பத்தாகச் சொல்லாத மெக்கானிக் எங்கே இருக்கிறார்? அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்து அவர் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது.

“எந்த பங்க்ல போட்டே? டீசல் பிடிச்ச பையன் யாரு? இப்பவே பேசி அவனை வேலையை விட்டுத் தூக்க வைக்கிறேன் பாரு.”

“வேண்டாம்ணே... விடுங்க. நான் பேசிக்கிறேன்.”

“உன்னை மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் அவனுங்க இப்படி ஆடுறானுங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே, இழுத்துப் போக வேறு வண்டி கொண்டுவர மெக்கானிக் கிளம்பினார்.

அவர் போவதற்கும் தங்கையின் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அவள் காதில் வைத்திருந்த போனிலிருந்து புருஷனின் கத்தல் அண்ணன் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. “சரிங்க... இல்லைங்க... வேணும்னு பண்ணலைங்க...” என்று அவள் சன்னமாகச் சொன்னாள். திருந்திய லட்சணம் அது.

“வேற வண்டி பிடிச்சு, இருட்டுறதுக்குள்ள வந்து சேரணுமாம்ணா” என்றாள் அவள். சொல்லும்போதே அந்தக் கோணல் மணிக்கட்டை மற்றக் கை தடவிக்கொண்டிருந்தது.

தான் செய்த காரியத்துக்கு அவள் அங்கே போய் அடி வாங்கப்போகிறாள். அண்ணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“பங்க் பையன் மேல தப்பு இல்லம்மா. நான்தான் காலையில டேங்க்ல தண்ணி ஊத்தினேன். உன்னை அந்த ஆளுகிட்ட விட்டுட்டு வர மனசு வரலை. நீ ஆசையா கிளம்பினதை நான் கெடுத்திருக்கக் கூடாது. மன்னிச்சிடும்மா. உனக்குப் போகணும்னா, இப்பவே வேற வண்டி பிடிச்சு நானே கொண்டு போய் விடறேன். திட்டுறதை எல்லாம் அவர் என்னைத் திட்டட்டும்.”

கத்துவாள், அழுவாள், அப்பாவுக்குப் போன் போடுவாள் என்று தலையைக் குனிந்து நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ ஊத்தினது பத்தாதோன்னு நானும் ஊத்தினேன்ணா.”