எட்டாவது வீட்டுக் குழாய்

மூன்று மணி நேரம் பத்து நிமிடத்தில் ஏழு வீட்டுக் கழிப்பறைகளுக்குள் போய் வந்திருந்தாள் ஏஞ்சலின்.

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அடக்கிக்கொண்டே மீஞ்சூர் வரை ரயிலில் வந்து சேர்ந்தவள் அவள். தோழி வீட்டில்கூட "பாத்ரூம் எங்கே?" என்று கேட்க வாய் வராது. வேதியியல் பட்டம் அவளைப் பார்த்துப் பார்த்து இந்த வேலையில் கொண்டுவந்து விட்டிருந்தது.

வீட்டுக் கழிவுநீரை முறைப்படுத்தும் திட்டத்தில் கள ஆய்வாளர். ஒப்பந்த வேலை. புதுவாயல் தாண்டி இருந்த அந்தத் தெருவில் யாரோ செப்டிக் டேங்க்கே கட்டாமல், கழிப்பறைக் குழாயை நேராக மழைநீர்க் கால்வாயில் விட்டிருந்தார்கள். கால்வாய் போய்ச் சேருவது ஏரியில். இன்றைக்குள் ஆளைக் கண்டுபிடித்தால் ஒப்பந்தம் நீளும், இல்லாவிட்டால் வேலை முடிந்தது என்று திட்ட அதிகாரி மோகன்ராஜ் சொல்லிவிட்டார்.

வழியை அவளேதான் யோசித்தாள். கழிப்பறையில் பச்சைச் சாயப் பொடியைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தொட்டி இருந்தால் சாயம் அதிலேயே தங்கிவிடும். நேர்க்குழாய் என்றால் இருபது நிமிடத்தில் தெருக்கோடிச் சிறுபாலத்துக்கு வந்துவிடும். அங்கே உதவியாளர் சின்னதுரை போனோடு உட்கார்ந்திருந்தார்.

சொல்லிவிட்டுப் போட்டால் குற்றவாளி உஷாராகிவிடுவானே! அதனால், "அக்கா, அவசரம்... ஒரு நிமிஷம்..." என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் படியேற வேண்டியிருந்தது. நடிக்க அவளுக்கு வராது. வெட்கத்தில் வியர்த்ததே போதுமானதாக இருந்தது.

நாலாவது வீட்டுக்கு அவள் போகும் முன்பே செய்தி போய்விட்டது. "வா கண்ணு, உனக்குத்தான் லைட்டு போட்டு வச்சிக்கீறேன்" என்றாள் அந்த வீட்டம்மா. ஆறாவது வீட்டில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தார்கள். ஏழாவது வீட்டில், "இன்னாத்தம்மா துன்ன? பஸ் ஸ்டாண்டு பிரியாணியா?" என்று விசாரணையே நடந்தது.

ஒவ்வொரு முறையும் சின்னதுரையிடம் ஒரே பதில்தான். "வர்ல மேடம். கருப்பாத்தான் போய்க்கினு கீது."

ஆக, ஏழு வீடும் யோக்கியம். மிஞ்சியது எட்டாவது வீடு. ஆதிகேசவனுடையது. அவர்மேல் அவளுக்கு முதலிலிருந்தே சந்தேகம். மற்ற வீடுகளுக்கெல்லாம் மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது கழிவுநீர் லாரி வந்திருந்தது. இவர் வீட்டுக்கு ஒன்பது வருடமாக வரவே இல்லை. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் தொட்டி நிரம்பவில்லை என்றால், தொட்டியே இல்லை என்றுதானே அர்த்தம்? அறிவியல் படித்தவள் அப்படித்தான் யோசிப்பாள்.

தெருமுனையில் இருந்த திட்டத்தின் கள ஆபீசுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து அவர் கதவைத் தட்டினாள்.

"இன்னா?"

"சார், அவசரம். பாத்ரூம்..."

"எங்க ஊட்டு பாத்ரூம்ல வெளியாளுங்கள வுடறதில்ல."

கதவு சாத்திக்கொண்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பின்பக்கமாகப் போனாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி செண்பகத்திடம் ஒரு சாயப் பொட்டலத்தை நீட்டினாள். "அக்கா, கொசு மருந்து. கவர்மெண்ட்ல குடுக்கிறாங்க. இப்பவே டாய்லெட்ல போட்டு ஒரு வாளி தண்ணி ஊத்திடுங்க."

ஒரு பொய்யைத் திக்காமல் சொல்லி முடித்ததில் அவளுக்கே ஆச்சரியம். செண்பகம் பொட்டலத்தோடு உள்ளே போனாள்.

பதினோராவது நிமிடம் போன் அலறியது.

"மேடம்! பச்ச! கிளி மாதிரி பச்ச! கால்வா பூரா பச்ச!"

இருபது நிமிடத்தில் வர வேண்டியது பதினொன்றில் எப்படி வந்தது என்று அவளுடைய பட்டம் கேட்கவில்லை.

மோகன்ராஜ் பைக்கில் பறந்து வந்தார். கையில் நோட்டீஸ். அதில் பெயர் எழுதும் இடம் மட்டும்தான் காலி. தெருவே கூடிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, எல்லோருக்கும் கேட்கும்படி ஏஞ்சலின் பேசினாள்.

"எட்டாவது வீடு சார். இவர்தான்."

"ஐய, வயித்து வலிப் பொண்ணு ஆபீசராம்டி" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஆதிகேசவன் கோபப்படவில்லை. எல்லோரையும் பின்பக்கம் அழைத்துப்போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்தார். தரையில் மூடி போட்ட ஒரு துளை. மூலையில் சாம்பல் டின், அதற்குள் ஒரு கரண்டி. தண்ணீர்க் குழாயும் இல்லை, வாளியும் இல்லை.

"தண்ணி ஊத்தாத கக்கூஸ் சார். சாம்பல் போட்டா எருவாயிடும். கழுவற எடம் தனி, அந்தத் தண்ணி வாழைக்குப் போவுது. அப்புறம் லாரி இன்னாத்துக்கு? வெளியாளு வந்தான்னா பழக்கத்துல ஒரு வாளி ஊத்திட்டுப் பூடுவான். அப்புறம் மாசக்கணக்குல நாத்தம், ஒரே பேஜாரு. அதான் யாரையும் வுடறதில்ல."

செண்பகம் பொட்டலத்தைக் கொண்டுவந்து ஏஞ்சலின் கையிலேயே வைத்தாள். பிரிக்கவே இல்லை. "தண்ணி ஊத்தச் சொன்னியேம்மா. எங்க ஊத்தறதுன்னு பாத்துக்கினு இருந்தேன்."

மோகன்ராஜ் முகம் சிவந்தது. "அப்ப அந்தப் பச்ச எங்கேருந்து வந்துச்சு? வேற எங்கயாவது போட்டியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. தெருவே பாக்குது. எவனா இருந்தாலும் இன்னைக்கு இந்த நோட்டீஸ் அவன் கைக்குப் போயாகணும்."

யோசிக்க ஒன்றுமில்லை. ஏஞ்சலினுக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டால் ஒருவேளை வேலை மிஞ்சும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பொய்க்கு மேல் திக்காமல் சொல்ல அவளால் முடியாது. இப்போது வயிறு நிஜமாகவே வலித்தது.

"பையில ஒரு பொட்டலம் கிழிஞ்சிருச்சு சார். சாப்பிடப் போனப்ப, அதை நம்ம ஆபீஸ் டாய்லெட்லதான் கொட்டித் தண்ணி ஊத்தினேன்."